இரண்டு ஆணியும் ஒரு முகப்புரையும்

சந்திரமதி டீச்சருக்கு வர வேண்டிய ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல் புத்தகங்களை மெட்ராஸில் கப்பல் ஏற்றியது நிஜம். போர்ட் பிளேரில் அவை இறங்கவில்லை என்பதும் நிஜம். நடுவில் என்ன ஆயிற்று என்று விசாரித்ததில், மூட்டை தவறுதலாகக் கார் நிக்கோபாருக்குப் போய்விட்டதாகவும் அடுத்த கப்பலில் வந்துவிடும் என்றும் சொன்னார்கள். அடுத்த கப்பலில் ஒரு மூட்டை வரத்தான் செய்தது. பிரித்தால் உள்ளே குதிரை லாடம். தீவு பூராவும் சலித்தாலும் நாலு குதிரை தேறாது.

1966ஆம் வருஷம் அது. அந்தமானில் எதைக் கேட்டாலும் அடுத்த கப்பலில்தான் வரும். உளுந்து, விளக்குத் திரி, கல்யாண மாப்பிள்ளை, மாமியார் எல்லாமே அடுத்த கப்பல். வராவிட்டால் அதற்கடுத்த கப்பல். இதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சந்திரமதி மட்டும் கோபித்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவள் கையிலிருக்கும் சாக்பீஸ் பட்டென்று உடையும். அந்த ஜூன் மாதத்தில் மட்டும் ஒரு பெட்டி தீர்ந்தது.

ஹெட்மாஸ்டர் பக்தவத்சலம் சாந்தமான மனிதர். பிரச்சினை என்று யார் உள்ளே வந்தாலும் முதலில் ஃபேனைப் போடுவார். கரண்ட் இல்லாவிட்டாலும் ஸ்விட்சைத் தட்டுவார். சந்திரமதி போய் நின்றபோதும் அப்படியே தட்டிவிட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்த காகிதத்தைக் காட்டினார். குடியரசு தினத்துக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த அரசியல் சட்டத்தின் முகப்புரை.

"நம்ம சட்டத்தோட முதல் பக்கமே இங்க தொங்குது பாருங்க டீச்சர். புத்தகம் வர்ற வரைக்கும் அதை வெச்சு ஓட்டுங்க."

"சார், அது ஒரே ஒரு வாக்கியம்."

"நீளமான வாக்கியம்தானே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

வேறு டீச்சராக இருந்தால் சிரித்துவிட்டு, பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிப் புல் பிடுங்கச் சொல்லியிருப்பார். சந்திரமதியால் அது முடியாது. அவள் இன்னும் டெம்பரரி. மூன்று வருஷத்துக்குள் வேலை உறுதியாகாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவது வருஷம் ஆகஸ்ட்டோடு முடிகிறது. தமிழ் வகுப்புகளுக்கான இன்ஸ்பெக்டர் சொக்கலிங்கம் வந்து அவளுடைய பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதற்கென்று உள்ள ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபாரம் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அதுவும் அடுத்த கப்பலில்தான்.

மாயவரத்திலிருந்து அண்ணன் எழுதிய இன்லேண்டு லெட்டர் வேறு அவள் தலையணைக்கடியில் கிடந்தது. "நாங்கள் எல்லோரும் கலந்து பேசி முடிவு செய்துவிட்டோம். வேலை நிரந்தரமாகாத பட்சத்தில் செப்டம்பர் கப்பலில் புறப்பட்டு வரவும். உன் அண்ணிக்கு முன்போல் முடியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது." சந்திரமதி அதை எட்டு முறை படித்திருந்தாள். இருபத்தேழு வயதில், சொந்தச் சம்பளத்தில் சொந்தமாக ஒரு ஸ்டவ் வாங்கி, தனக்குப் பிடித்த காரத்தில் தானே குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவள் அவள். அண்ணன் வீட்டு அம்மிக்குத் திரும்பிப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதினாள். இந்திய மக்களாகிய நாம் என்று தொடங்கி, நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வரிசையாகப் போய், இந்த அரசியல் சட்டத்தை நமக்கு நாமே அளித்துக்கொள்கிறோம் என்று முடிந்தது. முதல் வாரம் மனப்பாடம். இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, பெயிண்டுக் கடைக்காரர் மகன் ஜமீல் எழுந்தான்.

"டீச்சர், மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப என்ன?"

சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டை வைத்தே சந்திரமதி பலகையில் நாலு கேள்வி எழுதினாள். பேசுவது யார்? யாருக்காகப் பேசுகிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? எங்கே எழுதியிருக்கிறது?

"எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இந்த நாலையும் கேளுங்க. பதிலை எழுத்துல தொட்டுக் காட்டணும். சும்மா வாயால அடிச்சு விட்டா மார்க் கிடையாது" என்றாள்.

அந்த நேரத்துக்குத் தப்பிக்கச் சொன்னதுதான். ஆனால் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "நாம்" என்ற ஒரு சொல்லுக்கே நாலு நாள் ஆயிற்று. ராஜா எங்கே? இல்லை. சாமி எங்கே? இல்லை. கவர்னர்? அவரும் இல்லை. எல்லாவற்றையும் செய்வது இந்த "நாம்"தான் என்று கண்டுபிடித்ததும் வகுப்புக்கே பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ஜமீல் மறுபடி எழுந்தான்.

"டீச்சர், நம்ம தீவு எம்.பி.க்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"ஜனாதிபதி நியமிச்சாருப்பா. அடுத்த வருஷம்தான் நாம முதல் முதலா ஓட்டுப் போடப் போறோம்."

"அப்ப இவ்வளவு நாளா நாம 'நாம்'ல இருந்தோமா, இல்லையா?"

சந்திரமதி பலகையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த இடத்தையும் சேர்த்துத் துடைத்தாள்.

ஜூலை மாதத்துக்குள் இந்த வியாதி ஊரெல்லாம் பரவிவிட்டது. மாணவிகள் இரட்டைச் சடை போட வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் அனுப்பிய சுற்றறிக்கை, "சொல்லாமல் விட்டது: ஏன்" என்ற குறிப்புடன் அவர் மேஜைக்கே திரும்பி வந்தது. பாம்பூஃப்ளாட்டில் சந்திரமதி குடியிருந்த வீட்டுக்காரம்மா ஜன்னத் பீவி ஒரு நாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, இன்னைக்குச் சோறு இல்ல, கஞ்சிதான்னு சொன்னேன். எங்க மவ சைனம்பு என்ன கேக்குறா தெரியுமா? பேசுறது யாரு, நாமளா நீங்களான்னு கேக்குறா. கஞ்சி ஆறிப்போச்சு. புத்தகம் எப்ப வரும்?"

"அடுத்த கப்பல்ல வரும்க்கா" என்றாள் சந்திரமதி.

இந்தச் சைனம்புதான் படகு விவகாரத்தைத் தொடங்கியவள். அவளும் ஜமீலும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் தினமும் காலையில் டீச்சரோடு பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் படகேறி, எதிர்க்கரையில் சாத்தமில் இறங்கி, டெலானிபூர் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்கள். படகில் கூட்டம் பிதுங்கும். ஆனால் கூரைக்கடியில், மழைச் சாரல் படாத ஒரே இடத்தில், நீளமாக ஒரு பெஞ்சு காலியாகக் கிடக்கும். அதில் யாரும் உட்கார மாட்டார்கள். கிழவிகள் நிற்பார்கள், கைக்குழந்தைக்காரிகள் நிற்பார்கள், ஆடுகூட நிற்கும். அது ஆபீசர் சீட்.

அந்தப் படகில் ஆபீசர் யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆபீசர்களுக்குத் தனி லாஞ்சு இருந்தது. ஆனாலும் படகோட்டும் சாரங்கு அப்துல் வஹாப் தினமும் காலையில் தன் தோளில் கிடக்கும் துண்டால் அந்தப் பெஞ்சைப் பளபளவென்று துடைப்பார். காயல்பட்டினத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாகத் துடைக்கிறார்.

"டீச்சர், அது ஆபீசர் சீட்டுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் சைனம்பு, மழையில் சொட்டச் சொட்ட.

சந்திரமதி பார்த்தாள். பெஞ்சுக்கு மேலே பலகையில் இரண்டு ஆணிகள் இருந்தன. ஆணிகளில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாகத் தானும் அந்தப் பெஞ்சின் முன்னால் நனைந்துகொண்டு நின்றது ஞாபகம் வந்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் அவளிடம் ரொம்ப நேரம் தங்காது, கோபமாகிவிடும். மறுநாளே ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம்: படகில் வருகிறவர்களை விசாரித்து, அந்த ஆணிகளில் தொங்கிய போர்டில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்கவும்.

இருபத்து மூன்று நோட்டுகளில் பதினான்கு போர்டுகள் வந்து சேர்ந்தன. கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம், "சீஃப் கமிஷனருக்கு மட்டும்னு என் ரெண்டு கண்ணால படிச்சேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். பெரார்கஞ்சிலிருந்து கோழிக்கூடையோடு சந்தைக்கு வரும் அன்னம்மாள், "கோழி ஏத்தப்படாதுன்னு இருந்திச்சாம், எனக்கு எழுத்துத் தெரியாது" என்றாள். பெங்காலிக்காரர் ஒருவர் எச்சில் துப்பாதே என்றார். ஒரு தெலுங்கு மேஸ்திரி, அது போர்டே இல்லை, நேதாஜி படம் என்று அடித்துச் சொன்னார். சாரங்கு மட்டும் பிள்ளைகளிடம் பிடிகொடுக்கவில்லை. "போர்டு ஆயேகா. வரும் வரும். போய்ப் படிங்க" என்று இஞ்சின் பக்கம் போய்விட்டார்.

இல்லாத ஒரு காகிதத்தை வைத்து இவ்வளவு அழகாகப் பாடம் நடத்த முடியும் என்று சந்திரமதிக்கே தெரியாது. குஷி தலைக்கேறி அடுத்த வீட்டுப்பாடத்தையும் கொடுத்தாள்: அந்தப் பெஞ்சுக்கு நீங்களே ஒரு முகப்புரை எழுதுங்கள். எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். மாட்டச் சொல்லவில்லை. இதைப் பிற்பாடு அவள் பலமுறை, பலரிடம், சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சொக்கலிங்கம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் வகுப்பைப் பார்வையிடுவார் என்று தகவல் வந்தது. அன்று விடியும்போதே நல்ல மழை. சந்திரமதி இருக்கிற புடவையில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பாடக் குறிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகேறினாள்.

இரண்டு ஆணிகளிலும் போர்டு தொங்கியது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, ஜமீல் வீட்டுக் கடைப் பெயிண்டு. "இந்தப் படகில் பயணம் செய்யும் மக்களாகிய நாம், முதலில் உடம்புக்கு முடியாதவர்களையும், அடுத்துச் சுமை வைத்திருப்பவர்களையும், அதற்கப்புறம் முந்தி வந்தவர்களையும் உட்காரவைப்பது என்று உறுதிபூண்டு, இந்தப் பெஞ்சை நமக்கு நாமே அளித்துக்கொள்கிறோம்." அதன் கீழே அன்னம்மாள் மடியில் கோழிக்கூடையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள், ஒரு கால் வீங்கிய தாத்தா. காலையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு இஞ்சின் பக்கம் போன சாரங்கு இதை இன்னும் பார்க்கவில்லை.

"யாரைக் கேட்டு இதை மாட்டினீங்க?" என்றாள் சந்திரமதி அடிக்குரலில்.

"நமக்கு நாமேதானே டீச்சர்?" என்றாள் சைனம்பு.

கழற்றச் சொல்ல வாயெடுத்தபோது படகில் கடைசியாக ஒருவர் ஏறினார். கறுப்புக் குடை, கறுப்பு ஃபைல், முழங்கால் வரை சேறு. முந்தின நாள் பெரார்கஞ்சில் ஒரு பள்ளிக்கூடம் பார்க்கப் போய், ஜீப் படுத்துக்கொண்டதால், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொதுப் படகில் கால் வைத்த இன்ஸ்பெக்டர் சொக்கலிங்கம்தான் அவர்.

படகு புறப்பட்டது. சந்திரமதி கும்பிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. முகமெல்லாம் மலர்ந்து விசாரித்தார்.

"உங்க கிளாஸுக்குத்தாம்மா வந்துக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். பாடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஃபாரம் இன்னும் வரல்லே. ஃபாரம் இல்லாம நான் என்ன செய்ய?"

"எப்ப சார் வரும்?"

"அடுத்த கப்பல்ல வரணும். செப்டம்பர் கடைசி ஆயிடும்."

செப்டம்பர் கப்பல் கொண்டுவரும் ஃபாரத்தை வைத்து என்ன செய்வது? அதே கப்பலில் திரும்ப ஏறிப் போக வேண்டியவள் அல்லவா அவள்? சந்திரமதி சரிங்க சார் என்றாள். ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவள், தலையை ஆட்டிக்கொண்டு சரிங்க சார் என்று நின்றாள்.

அதற்குள் சாரங்கு அப்துல் வஹாப் குடையையும் ஃபைலையும் பார்த்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் படகில் ஏறிய முதல் ஆபீசர்! அவர் முகத்தில் அடித்த வெளிச்சத்தைச் சொல்லி முடியாது. சுக்கானைப் பையனிடம் கொடுத்துவிட்டுத் துண்டை உருவிக்கொண்டு ஓடி வந்தவர், நீலப் போர்டையும் கோழிக்கூடையையும் பார்த்து அப்படியே நின்றார்.

"அரே! உட்டோ உட்டோ! சாப் வந்திருக்காரு, எந்திரிங்க எல்லாரும்!"

"நா ஏன் எந்திரிக்கணும்?" என்றாள் அன்னம்மாள். "எழுதியிருக்குல்லா? எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்ச புள்ளைங்க வாசிச்சுக் காட்டி உக்காரச் சொல்லிச்சு. கேட்டுக்க."

"சாப் உட்காராம போட் நகராது!" என்று கத்திய சாரங்கு, நேரே போய் இஞ்சினை நிறுத்திவிட்டார். நட்ட நடுத் துறைமுகத்தில், கொட்டுகிற மழையில், படகு மெதுவாகத் தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டருக்கு நிற்பதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எதற்கும் ஒரு முறை உண்டல்லவா? அவர் தொண்டையைச் செருமினார்.

"இது ஆபீசர் சீட்டுன்னு விதி இருந்தா உட்காருவேன். இல்லேன்னா நிற்பேன். எனக்கு எழுத்து மூலமா வேணும். புது போர்டு இருக்கட்டும், பழைய போர்டு எங்கே?"

அந்தக் கேள்விக்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்த சைனம்பு நோட்டைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாரங்கு மாமா, பழைய போர்டு எங்க?"

"வரும்."

"எங்கேருந்து?"

"மெயின்லேண்டுலேருந்து. அடுத்த கப்பல்ல."

"அப்ப இதுவரைக்கும் வரவே இல்லையா?"

சாரங்கு துண்டைப் பிசைந்தார். "வழியில இருக்கும்."

"யாரு அனுப்புறா?"

சாரங்கு ஆணிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆணி அடிச்சது யாரு மாமா?"

"நான்தான்."

"எதுக்கு அடிச்சீங்க?"

படகே கழுத்தை நீட்டியது. அப்துல் வஹாப் கடலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஒண்ணு டிபன் கேரியர் மாட்ட. இன்னொண்ணு சட்டை காயப் போட."

யாரோ "யா அல்லா" என்றார்கள்.

"அடிச்ச அன்னைக்கே ராஜமாணிக்கம் சாப் வந்தாரு. என்ன பாய், ஆணி அடிச்சிருக்கே, போர்டு வரப்போகுதா, ஆபீசர் சீட்டான்னு கேட்டாரு. என் படகுக்கு ஆபீசர் சீட்டு! மனசு நெறைஞ்சு போச்சு புள்ளே. ஹாங், ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் வந்து வந்து கேட்டாங்க. கேக்கக் கேக்க எனக்கே நெசமாயிடுச்சு. டிபனைக் கீழே வெச்சிட்டேன். கப்பல் வரும்போதெல்லாம் ஜெட்டிக்குப் போய் எங்க போர்டு வந்திச்சான்னு விசாரிப்பேன். பன்னெண்டு வருஷமா விசாரிக்கிறேன்."

கூட்டத்தில் நின்றிருந்த ராஜமாணிக்கம் திடீரென்று ராஸ் தீவை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். மழையில் ராஸ் தீவு தெரியவே இல்லை.

முதலில் ஜமீல் சிரித்தான். அப்புறம் படகு முழுவதும் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சொக்கலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யாரும் அனுப்பாத போர்டுக்குப் பன்னெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தீங்களா? இத்தனை பேருமா! ஒருத்தருக்குக்கூட இது எங்கே எழுதியிருக்குன்னு கேட்கத் தோணலையா?"

சாரங்கின் கண் கலங்கியிருந்ததைச் சந்திரமதி பார்த்தாள். கைப்பைக்குள் அவள் பிடித்திருந்த சாக்பீஸ் உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"சிரிக்காதீங்க சார்" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"என் ஃபாரத்தை மெயின்லேண்டுலேருந்து அனுப்பறது யார் சார்?"

"ஃபாரமா? அது வந்து... மேலிடத்துலேருந்து வரும்மா."

"மேலிடத்துல யாரு? நீங்க எழுதிக் கேட்டீங்களா?"

"நான் கேட்கலே. ஃபாரம் வரும்னு எனக்கு முன்னாடி இருந்த இன்ஸ்பெக்டர் சொன்னார்."

"அவருக்கு யாரு சொன்னா?"

"அவருக்கு முன்னாடி இருந்தவர் சொல்லியிருப்பார்."

"ஃபாரம் வேணும்னு எங்கே சார் எழுதியிருக்கு?"

கேட்டுவிட்டாள். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டாள். போகிற வேலை நாலாவது கேள்வியோடு போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தங்கள் டீச்சரைப் பார்த்தார்கள்.

சொக்கலிங்கம் விதிமுறைப் புத்தகம் இல்லாமல் வெளியே கிளம்பாதவர். ஜமீல் குடை பிடிக்க, ஃபைலைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கம் புரட்டினார். படகு இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். உதடு அசையப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இன்ஸ்பெக்டர் பாடத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தால், எழுத்து மூலம் உறுதி செய்யலாம்" என்றார். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது. "ஃபாரம்னு ஒண்ணும் இல்லையேம்மா."

"சொல்லாமல் விட்டதையும் பாருங்க சார்" என்றாள் சைனம்பு உதவிக்கு.

"பார்த்தேன். எந்தக் காகிதத்துலன்னுகூடச் சொல்லலே." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இவர் கையெழுத்துக்காக இன்னும் எத்தனை ஃபைல் மேஜையில் ஃபாரத்துக்குக் காத்துக்கிடக்கிறதோ, அத்தனையும் அந்த முகத்தில் தெரிந்தது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா பாடத்தைப் பார்க்கணுமேம்மா. இப்பவே மணி பத்தேகால். உங்க பீரியட் முடிஞ்சுடுமே."

"இம்புட்டு நேரம் பாத்தது என்ன, பயாஸ்கோப்பா?" என்றாள் அன்னம்மாள்.

சொக்கலிங்கம் அவளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், நோட்டும் பென்சிலுமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "வாஸ்தவம்தான்" என்றார்.

ஆனால் எழுத இடம் வேண்டுமே. மழையில் நனையாத இடம் அந்தப் படகில் ஒன்றே ஒன்றுதான். சாரங்கு இன்னும் துண்டும் கையுமாக, இஞ்சினைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தார். அன்னம்மாள் பெருமூச்சு விட்டு ஒரு சாண் நகர்ந்தாள்.

"சுமை வெச்சிருந்தா உக்காரலாம்னுதானே எழுதியிருக்கு? இந்தாரும்" என்று கோழிக்கூடையைத் தூக்கி இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். "இப்ப உக்காரும். சட்டப்படிதான்."

அப்துல் வஹாப் ஒரே பாய்ச்சலில் வந்து அந்த ஒரு சாண் பலகையைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். ஒரு ஆபீசர், அவர் படகில், அந்தப் பெஞ்சில்! சாரங்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் இஞ்சினைக் கிளப்பினார்.

சைனம்பு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். கோழிக்கூடையின் மூடியை மேஜையாக வைத்துக்கொண்டு சொக்கலிங்கம் எழுதினார். சந்திரமதி, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, பாடம் நேரில் பார்வையிடப்பட்டது, திருப்தி, இன்று முதல் பணி உறுதி. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். இலாகா முத்திரை ஆபீசில் இருக்கிறதே என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மூடியின் இடுக்கு வழியாகக் கழுத்தை நீட்டிய ஒரு வெள்ளைக் கோழி, முழுசாக வெளியே வந்து, திரும்பி நின்று, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே முத்திரை வைத்துவிட்டது.

"வேற எழுதித் தரட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம் சார்" என்று சந்திரமதி தாளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும், நாளைக்குள் இதைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டாள்.

அந்த வாரமே அப்துல் வஹாப் தன் டிபன் கேரியரைத் தொங்கவிடப் படகின் பின்பக்கத்தில் மூன்றாவதாக ஓர் ஆணி அடித்தார். மறுநாள் காலை கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம் அந்த ஆணியைப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி மரியாதையாக நின்றுகொண்டு, "என்ன பாய், இங்க என்ன போர்டு வருது?" என்று கேட்டார். சாரங்கு கேரியரைத் திறந்து, அவர் கையில் ஒரு இட்லியைக் கொடுத்தார்.

சந்திரமதி அண்ணனுக்கு நாலே வரி எழுதிப் போட்டாள். வேலை உறுதியாகிவிட்டது, செப்டம்பர் கப்பலுக்கு வரவில்லை, அண்ணிக்கு வேலையாள் பார்க்கவும், எல்லோருக்கும் அன்பு. பதில் அக்டோபர் கப்பலில் வந்தது. "யாரைக் கேட்டு இப்படி முடிவு செய்தாய்? நாங்கள் எல்லோரும் கலந்து பேசி எடுத்த முடிவு என்ன ஆவது?" என்று இரண்டு பக்கம். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

இந்த முறை அவள் ஒரே ஒரு தடவைதான் படித்தாள். ஸ்டவ்வில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவளுக்குப் பிடித்த காரத்தில். சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். "நாங்கள் எல்லோரும்" என்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில், "பேசுவது யார்? இதில் நான் எங்கே? எழுத்தில் காட்டவும்" என்று எழுதினாள். கையெழுத்து நன்றாக இருந்ததற்காகப் பத்துக்கு இரண்டு மார்க் போட்டாள். போட்டு, அதே கடிதத்தை உறையில் மடித்து வைத்து ஒட்டி, அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டாள்.